கிளினிக்குக்குப் போன கொப்பிகள்

சிவமயம்

பெரியமடு,
ஆவணி 10, சனிக்கிழமை.

அன்புள்ள மகள் ஹம்சிகாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

போன கிழமை வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணி பத்து நிமிடத்துக்குச் செய்தி வந்தது. பால் நிலையத்தில் கொம்பிரசருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டு நின்றேன், றேடியோவில் சொன்னார்கள், அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு மட்டும் இருந்த மருத்துவக் காப்புறுதியை வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் கொடுப்பதென்று சபையில் முடிவாகிவிட்டதாம். பால் ஊற்ற வந்து நின்றவர்கள் கை தட்டினார்கள். என் கையெல்லாம் எண்ணெய், நான் தட்டவில்லை. தட்டக்கூடிய செய்திதானா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. முதலில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் எங்கேயோ போய்விட்டேன். நீ சுகமா பிள்ளை, பெரியம்மா, பெரியப்பா சுகமா. நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, சுகமில்லை என்று எழுதவும் உடம்பில் ஒன்றும் இல்லை, வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சமைக்கிறேன், உப்புப் போட்டேனா என்று இரண்டாம் தரமும் போட்டுவிடுகிறேன். உங்கள் எல்லாரையும் திருக்கேதீச்சரத்தான் பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கடிதத்தைப் பேசாலை யாகப்பர் அண்ணையின் மகன் கிறிஸ்ரி கொண்டு வருவான், யாகப்பர் அண்ணைதான் எங்கள் நிலையத்துப் பால் பவுசர் லொறியை ஓட்டுகிறவர். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போகிற கூட்டத்தோடு நாளைக்கு வெளிக்கிடுகிறான், திருச்சியில் இறங்கியதும் உன் கையில் தந்துவிட்டுத்தான் மாதாவிடம் போவேன் என்று சொல்லியிருக்கிறான். உன் குரலைக் கேட்டுக்கொண்டு இதைச் சொல்ல என்னால் முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். புதன்கிழமை ஒரு மேடையில் அம்மாவின் படம் வைக்கப் போகிறார்கள். வேறு யாரும் உனக்குச் சொல்ல முதல், அது எப்படி வந்தது என்று நீ என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா போய் நாலு மாதம் ஆகிறது. நீ வரமுடியாமல் போனதை நினைத்து இன்னும் அழுகிறாய் என்று பெரியம்மா சொன்னா. அகதி முகாமில் இருக்கிற பிள்ளைக்கு நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி எடுக்க எத்தனை கந்தோர் ஏறி இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா, நாங்கள் ஊர் திரும்பும்போது அதே வாசல்களில்தானே நின்றோம். படிப்பு முடியட்டும் என்று உன்னை அங்கே விட்டுவிட்டு வந்தது நானும் அம்மாவும் எடுத்த முடிவு, அதில் உனக்குப் பங்கில்லை. இங்கே வருகிறவர்கள் எல்லாம், "உனக்கென்ன வயசு, நாப்பது தானே, இன்னும் காலம் கிடக்கு" என்கிறார்கள். இருபது வயதில் முகாமில் கட்டி வைத்தபோதும் சின்ன வயதுதான், அப்போது ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அது கிடக்கட்டும். உனக்கு இந்த ஊர்ப் பழக்கம் ஒன்று தெரியாது, நீ இங்கே வந்து இருந்ததில்லை. டவுனுக்குக் காலையில் ஒரு பஸ், அது போய்ச் சேரும்போது கிளினிக்கில் நம்பர் கொடுத்து முடிந்துவிடும். அதனால் மீள்குடியேறி வந்த நாளிலிருந்து இங்கே பெண்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். மாதம் ஒருவர் முதல் நாளே டவுனுக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடியவே வரிசையில் நின்று, எல்லாருடைய மருந்து எழுதுகிற கிளினிக் கொப்பியையும் ஒரு சொப்பிங் பையில் கொண்டுபோய் மருந்துக் குளிசை எடுத்து வருவார். இந்த மாதம் இவர் என்றால் அடுத்த மாதம் மற்றவர். அதில் ஒரு பிழையும் ஒருவரும் காணவில்லை, நானும் காணவில்லை. ஒருவருக்கொருவர் செய்கிற உபகாரம், ஏலாதவர்களைப் பஸ்ஸில் இழுபடவிடாமல் வைத்திருக்கிறோம் என்று பெருமைகூட இருந்தது. அப்படி அம்மாவின் கொப்பி மாதாமாதம் தவறாமல் போனது, அம்மா போகவில்லை. பழைய குளிசையே திரும்பத் திரும்ப வந்தது. முற்றம் கூட்டக் களைக்கிறது என்றா, வயது போகிறது என்று சிரித்தா. சித்திரையில் நெஞ்சில் நீர் கட்டி மூச்சு எடுக்க ஏலாமல் போன பிறகுதான் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனா. வார்டில் இருந்த இளம் டொக்டர் என்னைத் தள்ளி நிற்கவைத்துச் சொன்னார், இதய வால்வு நல்லாய்ச் சுருங்கிவிட்டது, ஆறேழு மாதத்துக்கு முன்னம் ஒருவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டிருந்தால் மருந்தை மாற்றி ஒப்பரேசனுக்கு அனுப்பியிருக்கலாம் என்று. குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

கடைசி இரண்டு மாதமும், ஒன்று தன் முறைக்கு, மற்றது போக ஏலாத இன்னொருவருக்காக, கொப்பிகளைக் கொண்டுபோனது பக்கத்து வளவு றம்லா. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம், அம்மாவுக்கு இங்கே வந்த பிறகு கிடைத்த ஒரே சிநேகிதி, ஒருவர் அடுப்பில் இருந்து மற்றவர் நெருப்பு எடுக்கிற அளவுக்கு. அம்மா போன பிறகு அவ எங்கள் வேலிப் பக்கம் வருவதையே விட்டுவிட்டா, வாசலில் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவா. நானும் கூப்பிடவில்லை.

ஆடி மாதம் உயிலங்குளத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். காப்புறுதியை ஏழைகளுக்கு விரிப்பதா இல்லையா என்று சபையில் பேச முதல் சனத்திடம் கேட்க வேண்டும் என்று சில உறுப்பினர்கள் வந்தார்கள். நான் போவதாக இல்லை. கமக்காரர் அமைப்புச் செயலாளர் சீவரத்தினம் அண்ணை வந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். "நீ கதைக்கத் தேவையில்லை யசோ, எழும்பி நிண்டாலே காணும், மிச்சத்தை நான் கதைக்கிறன்" என்றார். கூட்டத்தில் ஒரு பெண் உறுப்பினர் கேட்டா, கந்தோரில் கதிரையில் இருப்பவருக்கு ஸ்கான் எடுக்கக் காப்புறுதி அட்டை இருக்கிறது, வயலில் நிற்பவருக்கு ஏன் இல்லை என்று. அது சரியாகத்தான் பட்டது. பிறகு ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர், அவரும் உறுப்பினர், எழும்பி, "வைத்தியம் எங்கட நாட்டிலை சும்மா கிடைக்கிறது. இண்டைக்கு அட்டையைத் தருவாங்கள், நாளைக்கு அட்டைதான் இருக்கே எண்டு ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கிறதைக் குறைப்பாங்கள்" என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது. இப்படியே மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்க, பின்னால் இருந்து றம்லா, "சேர், அந்த அட்டையைக் காட்டினா பஸ் நிப்பாட்டுவானா?" என்று கேட்டா. மண்டபம் முழுக்கச் சிரிப்பு, உறுப்பினர்களும் சிரித்தார்கள். அம்மா போன பிறகு றம்லாவின் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு அதிகாரி எழும்பிக் கணக்கு வாசித்தார். இந்தப் பக்கத்துச் சனம் கிளினிக்குக்கு ஒழுங்காக வருகிறது, தூரம் ஒரு தடையே இல்லை, சித்திரையில் காலமான ஒரு தாய்கூடக் கடைசி மாதம் வரைக்கும் ஒரு தவணையும் விடாமல் வந்திருக்கிறா என்றார். பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எப்படி எழும்பினேன் என்று தெரியாது. "அவ வரேல்லை, அவவின்ர கொப்பிதான் வந்தது" என்றேன். அதிகாரிக்கு விளங்கவில்லை. எங்கள் பழக்கத்தைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மாதிரித்தானே சொல்ல வரும், பால் தாங்கியில் எத்தனை பாகை என்று மணிக்கொரு தரம் எழுத வேண்டும், எழுதுகிறவன் மானியைப் பார்க்காமல் நாலு பாகை நாலு பாகை என்று எழுதிக்கொண்டே போனால் கொப்பி நல்லாய்த்தான் இருக்கும், பால் புளித்துவிடும் என்றேன். கொப்பிகளைக் கொண்டுபோனது யார் என்று கேட்டார்கள். ஊர் என்று சொன்னேன். ஒருவர், "நல்ல உதாரணம், எழுதிக்கொள்ளுங்கோ" என்று கிளாக்கரிடம் சொன்னார். நான் இருந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, சீவரத்தினம் அண்ணைக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அந்த வியாழக்கிழமை றேடியோவில் முதல் பாதிக்குத்தான் கை தட்டினார்கள். மிச்சம் பிறகு வந்தது. அட்டை வர முதலே, இந்த மாதத்தில் இருந்தே, நோயாளி நேரே வந்து விரல் அடையாளம் வைத்தால்தான் இனிக் குளிசை, இன்னொருவர் கொப்பி கொண்டுவந்தால் இல்லை. போக்குவரத்து அடுத்த வருடம் யோசிக்கப்படும். காரணமாகக் காட்டியது என் கதையைத்தானாம், மானியைப் பார்க்காமல் எழுதுகிற கதையை. அம்மா மாதிரி இன்னொருவர் போகக்கூடாது என்று சொன்னது, கடைசியில் ஏலாதவர்களின் குளிசையை நிறுத்துகிற சட்டமாக வந்து நின்றது. பால் ஊற்ற வந்தவர்கள் அடுத்த நாள் வாளியை வைத்துவிட்டுப் பேசாமல் போனார்கள். கடைசி வீட்டு அன்னப்பிள்ளை மாமி, முழங்கால் வீங்கி நடக்க ஏலாதவ, தடியை ஊன்றிக்கொண்டு வந்து வேலியில் நின்று, "தம்பி, பொஞ்சாதி போன கவலையிலை நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்ர கொப்பிக்கு எண்டாலும் கால் இருந்தது, இப்ப அதையும் முறிச்சுப் போட்டாய். இந்தக் காலோடை நான் பஸ்ஸிலை ஏறவேணுமெண்டால் பஸ்தான் படுத்துத் தரவேணும்" என்று கத்தினா. செவ்வாய்க்கிழமை அவவின் கிளினிக். வீட்டில் இருந்த குளிசை அதோடு சரி. இருங்கோ மாமி என்றேன், இருக்கவில்லை, வேலிக் கதியாலைத் தடியால் ஒரு அடி அடித்துவிட்டுப் போனா. எனக்குக் கோபம் வரவில்லை பிள்ளை. இப்போது ஒன்றும் வருவதில்லை. ஆனால் செவ்வாய் வருகிறதே என்ற நினைப்பு மட்டும் உள்ளே கிடந்து உறுத்தியது.

போன சனிக்கிழமை அந்தோனிமுத்து என்று ஒரு ஆள் வந்தார், உறுப்பினர் ஒருவருக்கு வேலை பார்க்கிறவர், நல்ல மரியாதையான ஆள்தான், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து இருந்தார். திட்டத்தைத் தொடங்கிவைக்கிற விழா வருகிறதாம், உண்மையான அட்டை இன்னும் அச்சாகவில்லை, கதவளவு பெரிய மாதிரி அட்டை ஒன்று செய்கிறார்களாம், அதை நான் மேடையில் ஏறி வாங்க வேண்டுமாம், பின்னால் அம்மாவின் படம் பெரிதாக இருக்குமாம். அவர் தானாகவே, "அண்ணை, போக்குவரத்து அடுத்த வருசம் எண்டது சபையின்ர கதை. எங்கட உறுப்பினர் நினைச்சால் கிளினிக் நாளுக்கு இந்த ஊருக்கு ஒரு வான் விடலாம், இந்த மாதத்திலை இருந்தே" என்றார். விளங்கிக்கொண்டேன். அன்று பின்னேரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அன்னப்பிள்ளை மாமி திரும்பவும் வந்தா, "குடு பிள்ளை, செத்தவவுக்கு அதிலை என்ன குறை, இருக்கிற எங்களுக்கு வான்" என்று. சீவரத்தினம் அண்ணை, "உவங்களிட்டைச் சும்மா ஒரு வான் வாங்கேலுமே, நாங்கள் வோட்டைக் குடுத்து வாங்கினது ஒண்டும் இல்லை, படத்தைக் குடுத்தாவது வாங்குவம்" என்றார். றம்லா அன்றைக்குத்தான் நாலு மாதத்துக்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வந்தா. உள்ளே வரவில்லை, நின்றபடி, "குடுக்காதீங்க யசோ அண்ணன். படம் எடுக்க நிக்கச் சொன்னா முகத்தைப் பொத்திக்கிட்டு ஓடுறவ. அவவைக் கொண்டுபோய் அவ்வளவு பெருசா வைக்கிறதா" என்றா. பிறகு அழுதா. "நான் ஒரு தரமாவது அவவைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருக்கணும்" என்றா. நாங்கள் தந்துவிட்டதைத்தானே நீங்கள் கொண்டுபோனீர்கள் றம்லா என்றேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், சீனி போட மறந்துவிட்டேன், குடித்தா.

நான் யாருடைய சொல்லையும் கேட்கவில்லை. அந்தோனிமுத்துவிடம், முதலில் செவ்வாய்க்கிழமை வான் வரட்டும், வந்து போன பிறகு படம் என்றேன். "என்ன அண்ணை, எங்களிலை நம்பிக்கை இல்லையோ" என்று சிரித்தார். "மெசின் வேலை செய்யிறவன் தம்பி, ஓட்டிப் பாத்திட்டுத்தான் கையெழுத்து வைப்பன்" என்றேன். பழைய ஆளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். செவ்வாய் விடிய வான் வந்தது, திரை போட்ட நல்ல வான். பெண்கள் திருவிழாவுக்குப் போகிற மாதிரிப் பூ வைத்துக்கொண்டு ஏறினார்கள். அன்னப்பிள்ளை மாமியை நானும் சாரதியும் கதிரையோடு தூக்கி ஏற்றினோம், "மெல்ல, மெல்ல, நான் உன்ர பால் வாளி இல்லை" என்று ஏச்சு. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மாமியை ஒரு டொக்டர் நேரே பார்த்தார். பிறஷர் பார்த்துவிட்டு மெசின் பிழையாக்கும் என்று வேறு மெசின் எடுத்துவரச் சொன்னாராம், அதுவும் அதையே காட்டியதாம். கால் வீக்கம் முழங்காலால் மட்டும் வந்ததில்லை என்று சொல்லி அங்கேயே வார்டில் மறித்துவிட்டார்கள். வானில் திரும்பி வந்தவர்கள் மாமி இல்லாமல் வந்தார்கள். ஓடிப்போய்க் கேட்டேன், றம்லா சொன்னா, ஆள் கதைக்கிறா, வார்டே அதிரக் கதைக்கிறா என்று. முந்தநாள் வியாழக்கிழமை பார்க்கப் போனேன். "உன்ர வாயாலை என்னை இங்கை கொண்டந்து பூட்டிப் போட்டாய், உப்பும் இல்லை உறைப்பும் இல்லை, இதைச் சாப்பாடெண்டு தாறாங்கள்" என்றா. மருந்து மாற்றியிருக்கிறார்கள், வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது, அடுத்த கிழமை விடுவார்களாம். நான் எழும்பும்போது கையைப் பிடித்து, "சொன்ன சொல்லுச் சொல்லு தம்பி. படத்தைக் குடு. இல்லாட்டி வான் நிண்டிடும்" என்றா. அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவும் அதே வார்டில்தான் இருந்தா, இரண்டு கட்டில் தள்ளி.

நேற்றுப் படம் கொடுத்தேன். முதலில் அடையாள அட்டைப் படத்தைத்தான் காட்டினேன். "இதிலை முறைச்சுப் பாக்கிறா அண்ணை, கொஞ்சம் வருத்தக்காரி மாதிரி, நோயிலை படுத்த மாதிரி ஏதும் இல்லையோ" என்று கேட்டார் அந்தோனிமுத்து, கெட்ட மனதோடு இல்லை, தன் வேலையைத்தான் பார்க்கிறார். அம்மா வருத்தக்காரி மாதிரி ஒரு படத்திலும் இல்லை. மிச்சம் இருந்தது திருச்சி விமான நிலையத்தில், நாங்கள் நாடு திரும்பிய அன்று பெரியப்பா எடுத்தது. நீ பதினாலு வயது, அழுது முகம் வீங்கி நிற்கிறாய், அம்மா உன்னைச் சிரிக்க வைக்க ஏதோ சொல்லித் தானே சிரிக்கிறா. அதைத்தான் கொடுத்தேன். உன்னை வெட்டிவிட்டுத்தான் போட வேண்டும், என் பிள்ளையின் முகம் மேடையில் வரக்கூடாது என்று சொன்னேன், ஒப்புக்கொண்டார். ஆனால் உன் கை அம்மாவின் தோளில் இருக்கிறது, அதை வெட்டினால் தோளும் போய்விடும், அப்படியே விடுவோம் அண்ணை என்றார். சரி என்றேன். அதனால் படத்தைக் காண நேர்ந்தால் பயப்படாதே, தோளில் இருக்கிற கை உன்னுடையது. கொடுத்தது சரியா என்று கேட்காதே மகள், எனக்குத் தெரியவில்லை. எழுதி முடிக்கும்போதாவது தெரியும் என்று நினைத்தேன். மாமி உயிரோடு இருந்து என்னை ஏசுகிறா, அது ஒன்றுதான் கையில் இருக்கிறது. வான் எவ்வளவு காலம் வரும் என்றும் தெரியாது, விழா முடிந்ததும் நின்றாலும் நிற்கும். அப்படி நின்றால் யாகப்பர் அண்ணை பவுசரின் முன் கதிரையில் ஆள் ஆளாக ஏற்றிப் போகலாம் என்றிருக்கிறார், பார்ப்போம்.

சோளகக் காற்று ஒரே புழுதியாக அடிக்கிறது, குளத்தில் தண்ணீர் அடியில் போய்விட்டது, வீட்டுக்குப் பின் அறைக் கூரை இன்னும் அப்படியே கிடக்கிறது, மழைக்கு முதல் செய்வேன். பெரியம்மாவோடு சண்டை பிடிக்காதே, அவவும் தங்கச்சியைப் பறிகொடுத்தவ. காலையில் சாப்பிடாமல் கல்லூரிக்குப் போகாதே. கிறிஸ்ரியிடம் கொஞ்சம் மாசிக் கருவாடும் பனாட்டும் கொடுத்துவிடுகிறேன், பக்கத்து வீட்டுக்கும் கொடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் நீயே போய் டொக்டர் முன்னால் இரு. உனக்காக இன்னொருவரை அனுப்பாதே, எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும் அனுப்பாதே. உன்னிடமும் யாராவது அம்மாவைப் பற்றிப் பேட்டி, படம் என்று கேட்டு வருவார்கள், அப்பா கொடுத்தது போதும் என்று சொல்லிவிடு. நீ நல்லாய்ப் படித்து, நோய் நொடி இல்லாமல், உன் மனதுக்கு ஏற்ற வாழ்க்கை வாழ வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் எப்போதும் உன்னோடு இருக்கும். மேடைக்கு நான் போகப் போவதில்லை, படத்துக்குத்தான் சொல்லுக் கொடுத்தேன், ஆளுக்குக் கொடுக்கவில்லை. புதன்கிழமை பால் நிலையத்தில் வேலைக்கு நிற்பேன். காலையில் இருந்து விழாக்காரர் மாறி மாறிப் போன் எடுத்து, எத்தனை மணிக்கு வாகனம் அனுப்ப, வேட்டியா காற்சட்டையா என்று கேட்கிறார்கள். அவசரம் என்றால் றம்லாவின் நம்பருக்கு எடு, வேலியால் கூப்பிட்டுத் தருவா. என்னுடைய போனை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
யசோதரன்